சின்னக் கார், ரீகோல், எயார்பேக்: கேட்டவர்களுக்குப் பதில்

கிளிநொச்சியில் கார் எலெக்ட்ரிக்கல் வேலை செய்கிறவன் நான். சின்னக் கார்களின் ரீகோல், அதாவது பிழை உள்ள கார்களைக் கொம்பனி திரும்பக் கூப்பிடுவது பற்றிக் கேளுங்கள் என்றேன், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. கேட்டவர்களின் ஊரை முன்னால் போட்டிருக்கிறேன். லீசிங், விலை, டயர் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது என் வேலை இல்லை.

மாங்குளம்: அண்ணை, 2008 டொயோட்டா விட்ஸ் ஒன்று பார்த்திருக்கிறேன். ரீகோல் வந்த கார், வாங்காதே என்கிறார் மாமா. உண்மையா?

தம்பி, ரீகோல் வந்தது என்றால் கார் கூடாது என்று அர்த்தமில்லை. பிழையைக் கண்டுபிடித்து, இலவசமாகத் திருத்தித் தருகிறோம் என்று கொம்பனி ஒப்புக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். திருத்தினார்களா என்பதுதான் கேள்வி. 2012 ஒக்டோபரில் டொயோட்டா உலகம் முழுக்க 74 லட்சம் கார்களைக் கூப்பிட்டது, அந்தக் காலத்து விட்ஸும் அதில் இருந்தது. சாரதிக் கதவில் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற சுவிச்சுக்குள் கிறீஸ் சீராகப் பூசவில்லை, அதனால் சுவிச் இறுகும், சூடேறும், சிலவற்றில் புகையும் வந்தது. இங்கே நாங்கள் என்ன செய்கிறோம்? சுவிச் இறுகினால் கடையில் ஒரு ஸ்பிரே வாங்கி அடிக்கிறோம். அதைத்தான் செய்யவே வேண்டாம் என்று டொயோட்டா அப்போதே சொன்னது, கண்டபடி எண்ணெய் விட்டால் சுவிச் உருகித் தீப்பிடிக்கலாம்.

காரைப் பார்க்கப் போகும்போது சாரதிக் கதவைத் திறந்து, பூட்டு கொளுவுகிற கம்பிக்குப் பக்கத்தில் பாருங்கள். ஜப்பானில் ரீகோல் வேலை முடித்த பல கார்களில் அந்த இடத்தில் இலக்கம் போட்ட சின்ன ஸ்ரிக்கர் ஒட்டியிருப்பார்கள். இல்லையென்றால் செய்யவில்லை என்றும் முடிவெடுக்க முடியாது, இங்கே பெயின்ற் அடித்தவன் உரித்திருப்பான். புத்தகத்தில் உள்ள செசி நம்பரை (காரின் அடிச்சட்ட இலக்கம்) டொயோட்டாவின் ஜப்பான் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஜப்பான் எழுத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், போனே மொழிபெயர்த்துத் தரும்.

நெடுங்கேணி: செசி நம்பர் எங்கே இருக்கும்?

வாகனப் புத்தகத்தில்.

மல்லாவி: ஹொண்டா ஃபிட் ஹைபிரிட், ஜிபி5 மொடல். கியர் பிழை என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2013 செப்டெம்பரில் ஜப்பானில் வந்த கார், 2014 ஒக்டோபருக்குள் 5 தரம் ரீகோல் ஆனது. முதல் மூன்றும் அந்த 7 கியர் இரட்டைக் கிளச் பெட்டியின் கட்டுப்பாட்டுப் புரோகிராம் சம்பந்தப்பட்டது. ஐந்தாவதோடு ஹொண்டாவின் தலைவர் உட்பட மேலிடத்தார் தங்கள் சம்பளத்தையே குறைத்துக்கொண்டார்கள். புரோகிராமைப் புதுப்பித்த கார் என்றால் பாதிக் கவலை போய்விடும். மீதிப் பாதி ஓட்டுகிறவர் கையில். அது உலர் கிளச். நெரிசலில் பிரேக்கை அரைகுறையாக விட்டு விட்டு ஊர்ந்தால் சூடேறும். ஏ9 நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடுகிறவருக்குப் பெரிய தொல்லை இல்லை.

ஒட்டுசுட்டான்: என்னுடையதும் ஃபிட், ரீகோல் இருக்கிறதா?

ஹொண்டாவின் ஜப்பான் தளத்தில் செசி நம்பரைப் போட்டுப் பாருங்கள்.

புதுக்குடியிருப்பு: தக்காட்டா எயார்பேக் என்பது என்ன? எங்கள் பக்கம் அது நடக்குமா?

எயார்பேக் என்பது மோதும்போது ஊதி ஆளைத் தாங்கும் பை. அதை ஊத வைப்பது ஒரு உலோகக் குப்பிக்குள் இருக்கும், எரிந்து வாயு தரும் வில்லைகள். தக்காட்டா என்ற ஜப்பான் கொம்பனி அதற்கு அமோனியம் நைத்திரேற் பாவித்தது, பலவற்றில் ஈரத்தை உறிஞ்சும் பொருளும் வைக்கவில்லை. வருசக்கணக்காகச் சூடும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் வில்லை பழுதாகிவிடும். பிறகு விபத்தில் அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் எரிந்து, குப்பியே வெடித்து இரும்புத் துண்டுகள் முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். உலகத்தில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். 2017 இல் கொம்பனி வங்குரோத்து. மலேசியாவிலும் ஆட்கள் செத்திருக்கிறார்கள், அதுவும் எங்களைப் போல வெயிலும் மழையும் உள்ள நாடுதான். ஹொண்டா, டொயோட்டா, நிசான், மஸ்டா என்று பலரும் இதைப் பூட்டினார்கள், ஆகவே 2000 முதல் 2015 வரையான எந்தச் சின்னக் காரையும் நம்பரைப் போட்டுப் பார்க்காமல் விடாதீர்கள்.

விசுவமடு: வன்னி வரண்ட பூமி, ஈரம் எங்கே வருகிறது? அதைவிட எயார்பேக் பியூஸைப் புடுங்கினால் கதை முடிந்தது.

வரண்ட பூமியா? இரணைமடுக் குளத்து வான்கதவு திறக்கிற மாரியில் விடிய உங்கள் கார்க் கண்ணாடி உள்ளே பூத்திருப்பது என்ன? பிறகு சித்திரையில் அதே கார் முற்றத்து வெயிலில் காய்கிறது. இந்த மாற்றம்தான் வில்லைக்கு எமன். பியூஸைப் புடுங்கினால் பல கார்களில் சீற் பெல்ற்றை இறுக்கிப் பிடிக்கும் பொறியும் சேர்ந்து செத்துவிடும்.

விசுவமடு: அமெரிக்காவில் டொயோட்டாவே எயார்பேக்கை வேலை செய்யாமல் நிறுத்தியதே, அது மட்டும் சரியோ?

நல்ல கேள்வி, ஓம், 2014 இல் நிறுத்தினார்கள். ஆனால் பட்டியலில் உள்ள காருக்கு, பயணி பக்கத்துக்கு மட்டும், புதுச் சாமான் வரும்வரை, அந்தச் சீற்றில் யாரும் இருக்க வேண்டாம் என்று எழுதியும் வைத்தார்கள். நீங்கள் சொல்வது நம்பரே பார்க்காமல் எல்லாவற்றையும் நிறுத்துகிற கதை.

பரந்தன்: என்னுடைய அப்பா மண்ணெண்ணெயில் பழைய ஒஸ்ரின் ஏ40 கார் ஓடினவர். எயார்பேக்கும் இல்லை, பெல்ற்றும் இல்லை. ஒன்றும் ஆகவில்லை.

ஐயா, பெற்றோல் தட்டுப்பாடான அந்த யுத்த காலத்தில், மண்ணெண்ணெய்க் காருக்குக் கொஞ்சப் பெற்றோலை ஊசியால் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராற் பண்ணினவர்களில் என் கராஜ் முதலாளியும் ஒருவர், அந்தக் கெட்டித்தனத்துக்குக் கும்பிடு. ஆனால் அப்போது றோட்டில் குழியும் கிடங்கும், ஓடியது ஊர்கிற வேகத்தில். இப்போது காப்பெற் றோட்டில் 100 இல் போகிறீர்கள், முறிகண்டி தாண்டினால் இருட்டில் மாடு படுத்திருக்கிறது.

விசுவமடு: மாட்டுக்கும் ரீகோலுக்கும் என்ன சம்பந்தம்?

மாட்டில் மோதும்போதுதான் எயார்பேக் வெடிக்கும் தம்பி. இந்த வழக்கை இத்தோடு விடுவோம்.

துணுக்காய்: வாங்கிய காரில் எயார்பேக் லைற் எரியவே இல்லை. நல்லதுதானே?

இல்லை! சாவியை ஓன் பண்ணியதும் சில செக்கன் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியோ கறுப்பு ரேப் ஒட்டியோ பிழையை மறைத்திருக்கலாம். ஸ்கேனர் போடுகிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். நீங்களே ஸ்ரியரிங்கைக் கழற்ற வேண்டாம், பற்றரியைக் கழற்றின பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே மின் நிற்கும்.

முள்ளியவளை: பாவித்த எயார்பேக் மலிவாக வருகிறது, போடலாமா?

வேண்டாம். அதற்குள் இருப்பதே அந்தத் தக்காட்டாக் குப்பியாக இருக்கலாம்.

அக்கராயன்: இந்திய வாகன் ஆர் வைத்திருக்கிறேன் அண்ணை.

2020 இல் மாருதி, பெற்றோல் பம்ப் காரணமாக 1,34,885 கார்களைக் கூப்பிட்டது, 2018 நவம்பருக்கும் 2019 ஒக்டோபருக்கும் இடையில் செய்த 1 லீற்றர் வாகன் ஆரும் அதில் இருந்தது. ஜப்பான் வாகன் ஆர் வேறு கார், குழப்ப வேண்டாம்.

வவுனியா: ரீகண்டிஷன் கார் (ஜப்பானில் பாவித்து இங்கே இறக்கியது), ரீகோல் வேலையைக் கொம்பனியின் இலங்கை ஏஜென்ட் பார்க்க மாட்டேன் என்கிறார்.

போனில் கேட்டு விட்டுவிடாதீர்கள் அக்கா. நம்பரைப் போட்டு வந்த பக்கத்தை அச்செடுத்து, புத்தகப் பிரதியோடு கடிதமாகக் கொடுத்து, எழுத்தில் பதில் கேளுங்கள். மறுத்தாலும் அந்தத் தாள் நுகர்வோர் விவகார அதிகார சபைக்குக் கொண்டுபோக உதவும், 1977 க்கு அழைக்கலாம்.

மல்லாவி: என்னுடைய ஃபிட்டில் ரீகோல் வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்?

மேலே மாங்குளத்துத் தம்பிக்குச் சொன்னதை வாசியுங்கள்.