ஹீலியம் இணை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கிறேன். இரண்டு அணுக்களுக்கு இடையில் எத்தனை பிணைப்பு என்று சொல்லும் பிணைப்புத் தரத்தைக் கணக்கிட்டு, இரண்டு ஹீலியம் அணுக்களுக்கு அது சுழி, ஆகவே அப்படியொரு மூலக்கூறு இல்லை என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறவள். கடுங்குளிர் பற்றிய உங்கள் கட்டுரையில், இரண்டு ஹீலியம் அணுக்கள் 'தாமரை இலைத் தண்ணீர் போல' இணைந்திருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டில் எது சரி? அவ்வளவு மெலிந்த ஒன்றைப் பிணைப்பு என்று சொல்லலாமா? வழக்கமான ஹீலியம்-4-ஐவிட ஒரு நியூட்ரான் குறைந்த ஹீலியம்-3 அணுக்களும் அப்படி இணையுமா என்று ஒரு மாணவி கேட்டாள்; எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கணக்கு சரி. சுழி என்று வருவது எலெக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பின் கணக்கு; ஹீலியத்தில் அது இல்லவே இல்லை. ஆனால், ஓர் அணுவின் எலெக்ட்ரான் முகிலில் கணந்தோறும் எழும் ஏற்றத்தாழ்வு பக்கத்து அணுவின் முகிலையும் அதற்கு இசைய அசைப்பதால் ஓர் ஈர்ப்பு பிறக்கிறது என்பதைக் குவாண்டம் இயற்பியலின் வழியில் 1930-இல் ஃபிரிட்ஸ் லண்டன் விளக்கினார். வான்டர்வால்ஸ் விசைகளில் ஒன்றான இந்த ஈர்ப்புக்கு எந்த அணுவும் விலக்கல்ல.

ஈர்ப்பு இருப்பதாலேயே இணை உண்டாகிவிடாது. இரண்டு ஹீலியம் அணுக்களுக்கு இடையிலான ஆற்றல் குழி, அதாவது ஈர்ப்பால் ஆற்றல் தாழ்ந்திருக்கும் பகுதி, ஏறத்தாழ 3 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் தன் உச்ச ஆழத்தை அடைகிறது (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). அங்கும் அதன் ஆழத்தை வெப்பநிலை அளவில் சொன்னால் 11 கெல்வின்தான். இவ்வளவு இலேசான அணுவை இவ்வளவு சிறிய இடத்துக்குள் அடைத்தால், நிச்சயமின்மைக் கோட்பாட்டின்படி அதற்குத் தவிர்க்க முடியாத இயக்க ஆற்றல் வந்து சேர்ந்து, ஈர்ப்பு தருவதை ஏறக்குறைய முழுவதும் தின்றுவிடுகிறது. மிஞ்சுவது சுமார் 1.8 மில்லிகெல்வின், அதாவது குழியின் ஆழத்தில் ஆறாயிரத்தில் ஒரு பங்கு. ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பு இதைப்போல ஏறத்தாழ மூன்று கோடி மடங்கு வலியது.

இந்த மிச்சத்தைப் பிணைப்பு எனலாமா என்ற உங்கள் கேள்விக்கு, எனலாம் என்பதே என் பதில். வலிமை எவ்வளவு என்பதைவிட, பிரிந்து நிற்கும் அணுக்களைக் காட்டிலும் குறைந்த ஆற்றலுள்ள நிலை ஒன்று உண்டா என்பதே இங்கு அளவுகோல். ஹீலியம் இணைக்கு அப்படி ஒரே ஒரு நிலை உண்டு.

அதைக் கண்டறிவது எளிதாக இருக்கவில்லை. அழுத்தமிக்க ஹீலியம் வாயுவை நுண்துளை வழியே வெற்றிடத்தில் பீய்ச்சினால், அது விரிந்து மில்லிகெல்வின் வரை குளிரும். மின்னசோட்டாப் பல்கலைக்கழகக் குழுவினர் 1993-இல் அத்தகைய கற்றையை அயனியாக்கி, ஹீலியம் இணையின் அயனியைப் பிடித்தார்கள். பெரிய கொத்து ஒன்று உடைந்தும் அந்த அயனி வந்திருக்கலாமே என்ற ஐயத்துக்கு இடமிருந்தது. அடுத்த ஆண்டு கோட்டிங்கனில் ஷால்கோப்பும் டோனிஸும் கற்றையை மிக நுண்ணிய பிளவுகள் கொண்ட கீற்றணி வழியே செலுத்தினார்கள். குவாண்டம் இயற்பியலில் அணுக்களும் அலைபோல் நடந்துகொள்ளும்; நிறை கூடினால் அலைநீளம் குறையும். ஒரே வேகத்தில் செல்லும்போது இணையின் நிறை இரட்டிப்பு என்பதால் அதன் அலைநீளம் பாதி. ஆகவே அது தனி அணு விலகும் கோணத்தில் பாதியளவே விலகும். அந்த இடத்தில் முகடு தெரிந்தது. எதையும் உடைக்காமல் நிறையை அறியும் இந்த முறையை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன்.

2000-இல் அதே ஊரில் இணையின் அளவும் கிடைத்தது. உருவம் பெரிதென்றால், பிளவின் ஓரத்தில் பட்டு உடையும் இணைகளும் மிகும். பிளவு ஒடுங்கிவிட்டது போன்ற தோற்றம் உண்டாகும். அந்த ஒடுக்கத்திலிருந்து அணுக்களின் சராசரித் தொலைவு 52 ஆங்ஸ்ட்ராம் என்று கணக்கிட்டார்கள். பழைய இயக்கவியலின்படி இந்த ஆற்றலுள்ள இணை சுமார் 14 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டிப் பிரியக் கூடாது. ஆனால் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வாய்ப்பு, அது அந்த எல்லைக்கு வெளியே இருப்பதற்குத்தான். ஃபிராங்க்ஃபர்ட் குழுவினர் இரண்டு அணுக்களையும் ஒரே நேரத்தில் அயனியாக்கி, அவை ஒன்றையொன்று தள்ளிச் சிதறும் ஆற்றலிலிருந்து தொலைவைக் கணித்து, எந்தத் தொலைவில் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்லும், 200 ஆங்ஸ்ட்ராம் வரை நீளும் அலைச்சார்பின் வடிவத்தை 2016-இல் வெளியிட்டார்கள். நான் மேலே சொன்ன 1.8 மில்லிகெல்வின் அவர்கள் அளவீட்டிலிருந்து வருவதே.

இதையெல்லாம் எழுதியபின், தாமரை இலை உவமையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அது ஒட்டாமையைச் சொல்ல வந்த உவமை. இவை ஒட்டித்தான் இருக்கின்றன, தொலைவில் இருந்தபடியே.

உங்கள் மாணவியின் கேள்வி என் கட்டுரையின் குறையைச் சரியாகத் தொட்டுவிட்டது. விசை மெலிவதால்தான் எல்லாம் என்பதுபோல் எழுதியிருந்தேன். ஹீலியம்-3 அணுவிலும் எலெக்ட்ரான்கள் இரண்டே, கருவின் மின்னூட்டமும் அதுவே. எனவே ஈர்ப்பும் ஆற்றல் குழியும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. நிறை முக்கால் பங்கு என்பதால், அதே இடத்தில் அடைபட அதற்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலான இயக்க ஆற்றல் வேண்டியிருக்கிறது. மிச்சமாக இருந்த சிறுதுளியும் அதில் போய்விடுகிறது. ஹீலியம்-3 இரண்டு இணைவதில்லை. ஹீலியம்-3 ஒன்றும் ஹீலியம்-4 ஒன்றும்கூட இணைவதில்லை.

ஆனால் அவள் அடுத்துக் கேட்கக்கூடியதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஹீலியம்-4 இரண்டு இருக்குமிடத்தில் ஹீலியம்-3 ஒன்று வந்தால், மூன்றும் சேர்ந்து நிற்கும்.