தாது வருஷம் பிறந்த அப்பத்தா: குடும்பக் கதை எழுதுவோர் கேட்டவை

கேள்வி: "தாது வருஷம் பொறந்தவ நான்" என்கிறார் அப்பத்தா. பிறப்புச் சான்றிதழ் கிடையாது. எந்த ஆண்டென்று எழுத?

பதில்: தமிழ் வருடப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது வந்தது 1876, 1936, 1996. ஆக அப்பத்தாவுக்கு 1936. எந்த மாதம் என்றும் கேளுங்கள். தை, மாசி என்றால் 1937 ஆகிவிடும். அவரே தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பேசினால் உஷார்! அந்தப் பஞ்சம் 1876-இல் தொடங்கியது. அவர் கண்டதல்ல, கேட்டது. "எங்க பாட்டி சொல்லும்" என்று அவர் தொடங்குவார். அதை வெட்டிவிடாதீர்கள், பஞ்சத்தைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

"எம்.ஜி.ஆர். செத்தப்போ" என்றால் 1987 டிசம்பர் 24. அன்றைக்கு வயலில் என்ன வேலை நடந்தது என்று கேட்டுப் பாருங்கள், மளமளவென்று வரும்.

கேள்வி: வட்டாரச் சொல்லுக்கு அடைப்புக்குறியில் பொருள் தரலாமா?

பதில்: வேண்டாம். "பத்தாயத்தின் அடித்துளையைத் திறந்ததும் நெல் சரிந்தது" என்று எழுதினால் பத்தாயம் என்னவென்று சென்னைக்காரருக்கும் விளங்கும். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியே தொகுத்தார். நீங்கள் ஒரு நோட்டாவது போடுங்கள்.

கேள்வி: பாகப்பிரிவினையில் சித்தப்பா எங்களை ஏமாற்றினார். பெயரை மாற்றி எழுதினால் போதுமா?

பதில்: போதாது. கிணற்றடி வேம்பைச் சொன்னாலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். நான் பெரியப்பாவைப் பற்றி ஒன்று எழுதி, இரண்டு வருடம் அவர் என் வீட்டுப் படி ஏறவில்லை. நடந்ததை எழுதியதற்குக் கோபமில்லை. அவர் மனதில் பேராசை இருந்தது என்று நானாக எழுதியதற்குத்தான். தண்ணீர் முறை யாருக்கு எத்தனை நாள் என்று பேசியதை, அப்பா பதில் சொல்லாமல் மோட்டார் கொட்டகையையே பார்த்துக்கொண்டு நின்றதை எழுதுங்கள். அதற்குமுன் பாகப்பத்திரத்தை எடுத்துப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்பா சொன்ன கணக்கு வேறு, பத்திரத்தில் இருந்தது வேறு.

கேள்வி: எப்படித் தொடங்குவது?

பதில்: "பசுமை கொஞ்சும் எங்கள் கிராமம்" என்று மட்டும் வேண்டாம்.

கேள்வி: அம்மா "என்ன இருக்கு சொல்ல?" என்று எழுந்து போய்விடுகிறார்.

பதில்: செல்போனை முகத்துக்கு நேரே நீட்டினால் யார்தான் பேசுவார்கள்? முருங்கைக்கீரை உருவும்போது நீங்களும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். பதிவு செய்வதானால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். "இத எழுதிராத" என்று நடுவில் ஒன்று சொல்வார். அதை எழுத வேண்டாம்.