சின்ன அறையைக் கைவினை அறையாக மாற்ற எங்கிருந்து தொடங்கலாம்?

பத்துக்குப் பத்து அறை ஒன்று காலியாகிறது, தையல், மணி வேலை, காகித வேலை மூன்றையும் அங்கே செய்யப் போகிறேன், எத்தனை அலமாரி, என்ன மாதிரி டப்பாக்கள் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

டப்பா வாங்குவதை ஒரு மாதமாவது தள்ளிப் போடுங்கள். நான் அதைத்தான் முதலில் வாங்கினேன். ஒரே அளவில், உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி, மூடி போட்ட 24 பிளாஸ்டிக் டப்பாக்கள். அடுக்கி முடித்த அன்று அறை பார்க்க அழகாகத்தான் இருந்தது. அப்புறம்தான் 12 அங்குலக் காகிதம் எந்த டப்பாவிலும் நுழையாது என்று தெரிந்தது. பட்டன்களோ அத்தனை பெரிய டப்பாவின் அடியில் ஒரு கைப்பிடி அளவுக்குக் கிடந்தன. அடியில் இருக்கும் லேஸை எடுக்க மேலே இருக்கும் இரண்டையும் இறக்க வேண்டும். ஒரு தடவை இறக்கலாம், இரண்டு தடவை இறக்கலாம். மூன்றாம் தடவை எடுத்த லேஸ் திரும்ப உள்ளே போகாமல் மேசையிலேயே தங்கிவிடும். என் மேசை நிறைந்தது அப்படித்தான்.

முதல் மாதம் மேசை, நாற்காலி, நல்ல விளக்கு மட்டும் போதும். சாமான்கள் பழைய அட்டைப்பெட்டிகளிலேயே இருக்கட்டும். வேலை செய்யும்போது எதற்காக எழுந்தீர்கள் என்று சுவரில் ஒட்டிய தாளில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். நூலுக்கும் துணிக்கும்தான் அடிக்கடி எழுந்திருப்பேன் என்று நினைத்திருந்தேன். தாளில் முதலிடம் குப்பைக்கூடைக்கு. இரண்டாமிடம் இஸ்திரிப் பெட்டிக்கு. வெட்டிய நூல் துண்டைப் போட நாலு அடி நடக்க வேண்டும் என்றால் யார் நடப்பார்கள்? மேசை விளிம்பில் கிளிப் போட்டு ஒரு துணிப்பை தொங்கவிட்டேன், தரையில் நூல் கிடப்பது அன்றோடு நின்றது. கை நீட்டும் தூரத்தில் எது இருக்க வேண்டும், எது பரணுக்குப் போகலாம் என்பதெல்லாம் அந்தத் தாளே சொல்லிவிடும்.

மேசையின் உயரத்தில் மட்டும் சமாதானம் ஆகாதீர்கள். உட்கார்ந்து தைக்க 72 முதல் 75 செ.மீ. சரியாக இருக்கும். நின்றுகொண்டு துணி வெட்ட அது போதாது, அரை மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நின்றபடி முழங்கையை மடக்கிப் பாருங்கள். அதற்கு நாலு விரல் கீழே மேசைப் பரப்பு வர வேண்டும். பெரும்பாலோருக்கு அது 90 செ.மீ.க்குப் பக்கத்தில் வரும். பத்துக்குப் பத்தில் இரண்டு மேசை போட்டால் நடக்க இடம் இருக்காது. அதனால் வெட்டும் நாளில் மட்டும் கால்களுக்கு அடியில் உறுதியான மரக்கட்டைகளை வைத்து உயர்த்திக்கொள்ளலாம், ஆடாமல் நிற்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டு. மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடாமல், குறுகிய பக்கம் மட்டும் சுவரைத் தொடும்படி போட்டால் மூன்று பக்கமும் சுற்றி வந்து வெட்டலாம்.

விளக்கு விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு ராத்திரி மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் கறுப்புப் பைக்குக் கறுப்பு நூல் போட்டுத் தைத்து முடித்தேன். காலையில் ஜன்னலோரம் எடுத்துப் பார்த்தால் நூல் கருநீலம். முழுக்கப் பிரித்தேன். 5000 முதல் 6500 கெல்வின் வரை உள்ள வெள்ளை வெளிச்சம் வாங்குங்கள். உறையில் சிஆர்ஐ என்று ஓர் எண் இருக்கும், அது 90க்கு மேல் இருந்தால் நிறங்கள் பகலில் தெரிவதற்குக் கிட்டத்தட்ட அப்படியே தெரியும். வலதுகைக்காரர் என்றால் விளக்கு இடப்பக்கம் இருக்கட்டும், கையின் நிழல் ஊசி மேல் விழாது. ஜன்னலோரம் உங்களுக்குத்தான், நூல்கண்டுகளுக்கு இல்லை. வெயில் படுகிற பக்கம் மட்டும் வெளுத்துப்போன கண்டுகள் என்னிடம் ஒரு வரிசையே இருந்தது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. புதுச் சாமானுக்கு எல்லாரும் இடம் ஒதுக்குகிறார்கள். பாதியில் நிற்கும் வேலைக்கு யாரும் ஒதுக்குவதில்லை. மூன்று விதமான வேலை செய்கிறவரிடம் எப்போதும் நாலைந்து அரைகுறைகள் இருக்கும். அவை மேசையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிவிடும், அடுத்த வேலை தரையில் நடக்கும். ஒருமுறை பாதி தைத்த தோள்பை ஒன்றைச் சுருட்டி எங்கோ செருகிவிட்டு எட்டு மாதம் கழித்துக் கண்டெடுத்தேன். உள்துணியில் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் ‘1½’ என்று எழுதியிருந்தேன், என் கையெழுத்துதான். ஒன்றரை என்ன? ஜிப்பை ஒன்றரை அங்குலம் இறக்க வேண்டுமா, ஓரத்தில் விட வேண்டிய அளவா? இன்றுவரை தெரியாது. அந்தப் பை இன்னும் முடியவில்லை.

அதற்குப் பிறகு விளிம்பு உள்ள தட்டுகள் ஐந்து வாங்கினேன். ஒரு வேலைக்கு ஒரு தட்டு. அதற்கான துணி, நூல், ஊசி, வரைபடம் எல்லாம் அதிலேயே. எழுந்திருக்கும்போது ‘அடுத்தது: இடது கைப்பிடி, வெளிப்பக்கம் உள்ளே வைத்துத் தைக்கணும்’ என்று ஒரு துண்டுச்சீட்டு மேலே வைத்துவிடுவேன். ஐந்து தட்டும் நிறைந்திருந்தால் புது வேலை கிடையாது. (ஆறாவது தட்டு வாங்கலாமா என்று மாதம் ஒருமுறை தோன்றும்.) அலமாரியில் கண் மட்டத்தில் இருக்கும் அடுக்கு இந்தத் தட்டுகளுக்குத்தான், அழகான டப்பாக்களுக்கு அல்ல.

சாமான்களுக்கு என்று சில பிடிவாதங்கள் உண்டு. துணி வெட்டும் கத்தரிக்கோலில் காகிதம் வெட்டாதீர்கள். காகிதத்தில் களிமண், சுண்ணாம்பு போன்ற தாதுப்பொடி கலந்திருக்கும், அது முனையை மழுங்கடித்துவிடும். அதன் பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டி வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்தேன், நன்றாகவே பலன் தருகிறது. இரண்டு முனை உள்ள மார்க்கர் பேனாக்களைப் படுக்க வைக்க வேண்டும், நிறுத்தினால் மை ஒரு முனைக்கே இறங்கும். கட்டிங் மேட் (வெட்டும்போது அடியில் போடும் விரிப்பு) சமதரையில் படுத்தே இருக்கட்டும். வெயிலிலோ இஸ்திரிப் பெட்டி அடியிலோ போனால் வளையும், வளைந்தது நிமிர்வது கஷ்டம். 11ஆம் நம்பர் மணிகள் ஏறக்குறைய 2 மி.மீ.தான், அவற்றுக்குத் திருகு மூடி போட்ட சின்னக் குழாய்கள். தட்டிவிட்டால் அடுத்த வருடம் வரை பொறுக்கலாம். பாலிமர் களிமண் (சூடாக்கி இறுக வைக்கும் பிளாஸ்டிக் களிமண்) பக்கம் போனால், அதைப் போடும் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் வகை எண்ணைப் பாருங்கள்: 5 என்றால் சரி, 6 வேண்டாம். நான் பார்க்கவில்லை, களிமண் டப்பாவோடு ஒட்டி, அதன் அடியைப் பிசுபிசுவென்று இளக்கிவிட்டது. தேய்ந்த பிளேடுகளை ஒரு பழைய தகர டப்பாவில் மூடி வையுங்கள், குப்பைப் பையில் அப்படியே போடாதீர்கள்.

மின்சாரத்துக்கு ஒரு வரி: இஸ்திரிப் பெட்டிக்குச் சுவர் பிளக்தான், மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அதையும் குளூ கன்னையும் சேர்த்துச் செருகாதீர்கள்.

லேபிள் எழுதும்போது, நீங்கள் தேடும்போது மனதில் வரும் சொல்லையே எழுதுங்கள். ‘அலங்காரப் பொருட்கள்’ என்று எழுதினால் அதில் எதையும் தேட மாட்டீர்கள். ‘மின்னுற ரிப்பன்’ போதும். ‘இதர’ என்று மட்டும் எதிலும் எழுதாதீர்கள். என்னிடம் மூன்று ‘இதர’ இருக்கின்றன.

எத்தனை அலமாரி என்றுதானே கேட்டீர்கள்? உயரமாக ஒன்று, கதவு இல்லாமல், அடுக்குப் பலகைகளை ஏற்றி இறக்கி மாற்றக்கூடியது. தூசி படும் என்பார்கள். துணிக்கு மட்டும் ஒரு திரை போட்டுக்கொள்ளுங்கள். டப்பாக்களை அந்த ஒரு மாதத் தாள் நிறைந்த பிறகு, அளவெடுத்து வாங்குங்கள். என் 24இல் இப்போது அறையில் இருப்பவை ஒன்பது.