ஒரு நிறுவனம் பல நாடுகளில் சொத்தும் கடனும் வைத்திருந்து திவாலானால், எந்த நாட்டுச் சட்டம் செல்லும்?

எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் ஒரே ஒப்பந்தம் கிடையாது. ஐ.நா.வின் சர்வதேச வணிகச் சட்ட ஆணையமான அன்சிட்ரால் 1997-இல் ஒரு மாதிரிச் சட்டம் வெளியிட்டது. விரும்பும் நாடு அதைத் தன் சட்டமாக்கிக்கொள்ளலாம். அமெரிக்கா 2005-லும் பிரிட்டன் 2006-லும் அப்படித்தான் ஏற்றன.

அதன் மையக் கேள்வி, நிறுவனத்தின் முக்கிய நலன்களின் மையம், அதாவது அது உண்மையில் நிர்வகிக்கப்படும் இடம், எங்கே என்பது. பதிவு அலுவலகம் இருக்கும் இடமே மையம் என்று முதலில் கொள்வார்கள். ஆனால் அது வெறும் அனுமானம்தான். 2007-இல் அமெரிக்க முதலீட்டு வங்கியான பேர் ஸ்டெர்ன்ஸின் இரண்டு முதலீட்டு நிதிகள் கேமன் தீவுகளில் திவால் நடவடிக்கை தொடங்கி, அந்த நடவடிக்கையை ஏற்கும்படி நியூயார்க் நீதிமன்றத்தில் அங்கீகாரம் கேட்டன. பதிவு மட்டும்தான் கேமனில், நிர்வாகமெல்லாம் நியூயார்க்கில் என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. யாரும் எதிர்க்காதபோதே மறுத்தது என்பதைக் கவனியுங்கள். எனக்கு இது மிகச் சரியான தீர்ப்பாகவே படுகிறது.

சரி, அங்கீகாரம் கிடைத்தால் என்ன லாபம்? முக்கிய நடவடிக்கை, அதாவது மையம் இருக்கும் நாட்டு நடவடிக்கை, என்று ஏற்கப்பட்டால், ஏற்ற நாட்டில் கடன் கொடுத்தவர்கள் தனித்தனியாகப் போடும் வழக்குகளும் ஜப்தியும் தானாகவே நின்றுவிடும். கிளை மட்டும் உள்ள நாட்டு நடவடிக்கை என்றால், நிறுத்துவதா வேண்டாமா என்பது நீதிபதியின் முடிவு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி ஒழுங்குமுறை உண்டு. டென்மார்க் தவிர மற்ற உறுப்பு நாடுகளில் அங்கீகாரம் தானாகவே கிடைக்கும்.

இங்கிலாந்துச் சட்டப்படி வாங்கிய கடனில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். வெளிநாட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தாலும், கடன் கொடுத்தவர் அந்த நடவடிக்கைக்கு உட்படாதவரை இங்கிலாந்தில் அந்தத் தள்ளுபடி செல்லாது. இதைச் சொன்ன 1890-இன் கிப்ஸ் தீர்ப்பு இன்னும் நடைமுறையில் இருக்கிறது.