தூக்கி இறக்கும் கூடுதல் லென்ஸ் வைத்த கண்ணாடி ஃபிரேமை எப்படி வடிவமைப்பது?

கேள்வி: நகைப் பட்டறையில் வேலை செய்பவர்களுக்காக, அவர்கள் அணியும் மூக்குக் கண்ணாடியிலேயே தேவைப்படும்போது இறக்கிக்கொள்ளும் கூடுதல் லென்ஸைப் பொருத்த விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்குவது, எதைக் கவனிப்பது?

பதில்:

பாளையங்கோட்டையில் கண்ணாடிக் கடை நடத்துபவன் நான். திருநெல்வேலி டவுனில் தங்க வேலை செய்யும் ஆசாரிமார் சிலருக்கு இத்தகைய கண்ணாடிகளைப் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். ஃபிரேமை வரைவதற்கு முன்பு, ஓர் அளவு டேப்போடு பட்டறைக்குச் சென்று, வேலை செய்பவரின் கண்ணுக்கும் கையிலிருக்கும் பொருளுக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். லென்ஸின் பவர், அகலம், சாய்வு, லென்ஸைத் தூக்கி இறக்கும் மூட்டாகிய கீலின் இடம் ஆகிய அனைத்தும் அந்த ஓர் அளவிலிருந்துதான் பிறக்கின்றன.

கணக்கு எளியது. லென்ஸின் பவரை அளக்கும் அலகு டயாப்டர். லென்ஸ் ஒளியைக் குவிக்கும் தூரத்தை, அதாவது குவியத் தூரத்தை, மீட்டரில் எடுத்து 1-ஐ அதனால் வகுத்தால் அது கிடைக்கும்: 40 செ.மீ. தூரத்துக்கு 2.5, 20 செ.மீ.க்கு 5, 10 செ.மீ.க்கு 10 டயாப்டர். வெள்ளெழுத்து முற்றி அறுபதைக் கடந்தவரின் கண்ணுக்குத் தானாகக் குவித்துப் பார்க்கும் திறன் ஏறக்குறைய இராது என்பதால், இந்தப் பவர் முழுவதையும் லென்ஸே சுமக்க வேண்டும். உள்ளே இருக்கும் நிலையான லென்ஸில் தூரப் பார்வைக்குரிய பவரை மட்டும் வைத்து, கிட்டத்துக்குரியதை எல்லாம் இறக்கும் லென்ஸில் வைப்பதே நல்லது. பொருள் அந்த லென்ஸின் குவியத்தில் இருக்கும்வரை அதைக் கடந்து வரும் ஒளி இணையாகவே வரும் என்பதால், இரண்டு லென்ஸ்களுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் பார்வை கெடுவதில்லை. கீலை வைக்கத் தாராளமாக இடம் கிடைக்கிறது.

ஏற்கெனவே பைஃபோகல் (மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்கும் பவர் வைத்த கண்ணாடி) அணிபவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. அதன் கீழ்ப் பகுதியில் +2.50 டயாப்டர் கூடுதல் பவர் இருக்கிறது என்று கொள்வோம். அதன் முன்னால் இன்னொரு +2.50 லென்ஸை இறக்கினால், மேல் பகுதி வழியே 40 செ.மீ.யில் சாமணமும் அரமும் கிடக்கும் மேசை தெரியும். கீழ்ப் பகுதி வழியே 20 செ.மீ.யில் சங்கிலியின் கண்ணி தெரியும். தூக்கிவிட்டால் வாசலில் வந்து நிற்பவரின் முகம் தெரியும். பவர் மிகுந்த ஒற்றை லென்ஸைவிட இந்த ஏற்பாடே என் வாடிக்கையாளர்களுக்குப் பிடித்திருக்கிறது.

பலரும் கோட்டைவிடுவது லென்ஸின் மையத்தை எங்கே வைப்பது என்பதில்தான். தூரத்தைப் பார்க்கையில் இரு கண்மணிகளுக்கும் நடுவே 64 மி.மீ. இருப்பவர் 20 செ.மீ.யில் உள்ள பொருளைப் பார்க்கும்போது, கண்கள் உட்புறம் திரும்புவதால், லென்ஸ் இருக்கும் தளத்தில் அந்த அளவு சுமார் 56 மி.மீ.யாகக் குறைந்துவிடுகிறது. இறக்கும் லென்ஸ்களை 64 மி.மீ. இடைவெளியிலேயே பொருத்தினால், ஒவ்வொரு கண்ணும் மையத்திலிருந்து ஏறக்குறைய 4 மி.மீ. விலகிப் பார்க்கும், 5 டயாப்டர் லென்ஸில் அது ஒவ்வொரு கண்ணுக்கும் 2 பிரிசம் டயாப்டர் (ஒளி பக்கவாட்டில் விலகும் அளவைச் சொல்லும் அலகு) வேலையைக் கூடுதலாகச் சுமத்தும். மாலையில் தலைவலி என்று வருவார்கள். பவரைக் குறை சொல்வார்கள். ஆகவே இறக்கும் லென்ஸ்களின் மையங்களை உட்புறம் தள்ளியே வைக்க வேண்டும். 6 டயாப்டருக்கு மேல் போனால் தடித்த பக்கம் மூக்கை நோக்கிய பிரிசம் (ஒளியைத் திருப்பும் ஆப்பு வடிவம்) லென்ஸில் வேண்டியிருக்கும். 10 டயாப்டரைத் தாண்டினால் இரு கண்ணாலும் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு, ஒரு கண்ணுக்கு மட்டும் லென்ஸ் வைப்பதே சரி. கல் பதிப்பவர்களுக்கு நான் அப்படித்தான் செய்கிறேன். சாய்வையும் மறக்க வேண்டாம்: லென்ஸை 2 டிகிரி சாய்த்தால் அதன் மையத்தை 1 மி.மீ. கீழே இறக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் வழக்கமான கணக்கு.

இனி கீல். டவுன் ஆசாரி ஒருவர் என்னிடம் வைத்த நிபந்தனை, "தூக்குனா நிக்கணும், எறக்குனா ஆடப்பிடாது" என்பது. திருகை இறுக்கி அந்த உராய்வை மட்டும் நம்பினால் சில வாரங்களிலேயே தளர்ந்துவிடும். அதனால் மேலும் கீழும் இரண்டு இடங்களில் பொருந்தி நிற்கும்படி சிறிய பட்டை வில் ஒன்று தேவை. நிமிர்ந்து உட்கார்ந்து சோதிக்கும்போது எல்லாக் கீலும் நிற்கும். பட்டறையில் தலையைக் குனிந்ததும் லென்ஸ் முன்னால் சரிந்து விழுகிறதா என்பதே உண்மையான சோதனை.

எடை முழுவதும் முன்புறம் சேர்வதால், நம் ஊர் வியர்வையில் ஃபிரேம் மூக்கில் வழுக்கி இறங்கும். சிலிக்கான் மூக்குத் திண்டும், காதைச் சுற்றி வளையும் கம்பியும் வைத்தால் நிற்கும். லென்ஸுக்குக் கண்ணாடியைவிட சி.ஆர். 39 பிளாஸ்டிக் மேல். கண்ணாடியின் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 2.5 கிராம், இதனுடையது 1.32, பற்றவைக்கையில் தெறிக்கும் பொறியையும் நன்கு தாங்கும். வட்ட லென்ஸுக்கு 30 மி.மீ. விட்டம் போதும். கழற்றி வைக்கும்போது லென்ஸை வெயில் படும் சன்னலோரம் வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். குவியும் வெயில் துணியைக் கருக்கிவிடும்.

இந்த யோசனை புதியதன்று. லண்டனில் 1783-இல் அடிசன் ஸ்மித்தும் 1797-இல் ஜான் ரிச்சர்ட்சனும் கீல் வைத்த கூடுதல் லென்ஸ்களுக்குக் காப்புரிமை பெற்றார்கள். நான்கைந்து லென்ஸ்களை அடுக்கிய மாதிரிகள் இன்று இணையத்தில் விற்கின்றன; பார்க்க அழகு, பட்டறையில் பயனில்லை. ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள்.

எல்லாருக்கும் இது தேவையில்லை என்பதும் என் கருத்து. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் பெண்கள் வந்து கேட்டால், சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடியே போதும் என்று சொல்லி அனுப்புகிறேன். பத்தமடையில் பாய் நெய்பவருக்கோ தறியின் அகலம் முழுவதும் கண் ஓட வேண்டும், 30 மி.மீ. வட்டத்துக்குள் பார்வையை அடைத்தால் வேலை ஓடாது. அவர்களுக்கு அகன்ற ஒற்றை லென்ஸ்தான் ஏற்றது.

உலோகத்தில் செய்வதற்கு முன், கண் பரிசோதனைப் பெட்டியிலுள்ள சோதனை லென்ஸ் ஒன்றைக் கிளிப் வைத்து அவருடைய பழைய ஃபிரேமில் மாட்டி, சில நாள் அதே மேசையில் வேலை செய்யச் சொல்லுங்கள். பவரையும் மையத்தையும் அப்போது மாற்றுவதற்குச் செலவே கிடையாது.