மகள் ஓதிக் கொடுக்கலாமா?

கேள்வி: ரங்கூனில் வசிக்கிறோம். பள்ளிப் படிப்பை முடித்த என் மகள் குர்ஆனைத் திருத்தமாக ஓதுவாள். மாலையில் அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஓதிக் கொடுக்க ஆசைப்படுகிறாள். பையன்களும் வருவார்கள். "பொம்பளைகிட்டயா ஆம்பளைப் பிள்ளை ஓதுறது? நம்ம வழக்கத்துல இல்லையே" என்கிறார் என் மாமனார். என்ன சொல்வது?

பதில்: சகோதரி, மாமாவிடம் வாதாட வேண்டாம். ஒன்று மட்டும் கேளுங்கள்: "உங்க உம்மா யார்கிட்ட ஓதினாங்க?" பெரும்பாலும் அது ஒரு பெண்ணாகத்தான் இருக்கும். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் பெண்கள் வீட்டிலும், பெண்கள் தொழுது ஓதும் இடமான தைக்காவிலும் ஓதிக் கொடுத்தே குர்ஆனும், அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழும் தலைமுறை தாண்டி வந்திருக்கின்றன.

ஆண்களுக்குக் கற்பித்ததும் புதிதல்ல. நபிகளாரின் துணைவி ஆயிஷா நாயகி அறிவித்த ஹதீஸ்கள், அதாவது நபிமொழிகள், 2210. திரைக்கு அப்பாலிருந்து ஆண்களும் அவர்களிடம் கேட்டுப் படித்தார்கள். 11ஆம் நூற்றாண்டில் மக்காவில் கரீமா அல்மர்வஸிய்யா என்ற அம்மையார் ஸஹீஹுல் புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பைப் பாடம் நடத்தினார். பாக்தாதின் பேரறிஞர் கதீபுல் பக்தாதி ஹஜ்ஜுக்குப் போனபோது அந்த நூலை ஐந்தே நாளில் அவரிடம் ஓதி முடித்தார். கரீமா கறாரானவர். மாணவர் எழுதிய பிரதியைத் தம் பிரதியோடு வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்தாமல் விடமாட்டார். அடுத்த நூற்றாண்டில் டமாஸ்கஸின் இப்னு அஸாகிர் எண்பதுக்கும் மேற்பட்ட பெண்களிடம் பாடம் கேட்டிருக்கிறார்.

இவர்களை ஊர் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் ஸனது. யாரிடம் கற்றோம், அவர் யாரிடம் கற்றார் என்கிற சங்கிலி அது. அது சரியாக இருந்தால் ஆணா பெண்ணா என்று யாரும் பார்க்கவில்லை. உங்கள் மகளுக்கும் இதையே முதலில் செய்யுங்கள். மார்க்கம் படித்த தகுதியுள்ள ஆலிமாவிடமோ ஹஜ்ரத்திடமோ குர்ஆன் முழுவதையும் தஜ்வீதோடு, அதாவது உச்சரிப்பு விதிகளோடு, ஓதிக் காட்டி, எழுத்தில் ஒப்புதல் வாங்கட்டும். சில மாதங்கள் ஆனாலும் பரவாயில்லை, இதில் அவசரம் கூடாது. தவறாக ஓதிப் பழகிய பிள்ளையைத் திருத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது ஓதிக் கொடுப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஏழெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு, கதவு திறந்த முன்கூடத்தில் தொடங்குங்கள். முதல் நாள் பள்ளிவாசல் இமாமை அழைத்து துஆ ஓதச் சொல்லுங்கள். மாமாவும் பக்கத்தில் உட்காரட்டும். கல்லூரிப் படிப்பை மட்டும் இதற்காக நிறுத்திவிடாதீர்கள். மாலை ஒரு மணி நேரம் போதும்.