வெளிநாட்டுப் பள்ளியில் வேலை: குடும்பத்தோடு எப்போது கிளம்பலாம்?

கேள்வி: எட்டு வருடமாகக் கணித ஆசிரியராக இருக்கிறேன். வெளிநாட்டில் ஒரு சர்வதேசப் பள்ளி இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலை தருகிறது. பத்து நாளில் பதில் வேண்டும் என்கிறார்கள். மனைவியையும் ஆறு வயது மகளையும் அழைத்துப் போக ஆசை. சான்றிதழ் வேலைகளை எங்கே தொடங்குவது? மூவரும் ஒன்றாகக் கிளம்பலாமா? புது இடத்தில் ஒட்ட முடியுமா என்ற பயமும் இருக்கிறது.

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். விசா கைக்கு வரும்வரை இப்போதைய வேலையை விடாதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்தான மகிழ்ச்சியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு, விசா மாதக்கணக்கில் இழுத்ததால் சம்பளம் இல்லாமல் தவித்த ஆசிரியர்களை எனக்குத் தெரியும். உங்கள் பள்ளியில் எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று பாருங்கள். அதைப் புதுப் பள்ளியிடம் சொல்லி, சேரும் தேதியை அதற்கேற்ப வையுங்கள். காத்திருக்கத் தயங்கும் பள்ளிகூட, காரணத்தை முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

சான்றிதழ்களில் நான் பின்பற்றும் முறை எளிது. மெதுவாகக் கிடைப்பதை முதலில் தொடங்குங்கள். சீக்கிரம் காலாவதியாவதைக் கடைசியில் வாங்குங்கள். பட்டச் சான்றிதழ், ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு அரசு அத்தாட்சி வாங்க வேண்டியிருக்கும். இதற்குத்தான் நாள் பிடிக்கும், இதை இன்றே ஆரம்பியுங்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் அப்படியல்ல. பல நாடுகள் சமீபத்தில் வாங்கியதைத்தான் ஏற்கும், அதனால் முதலில் ஓடிப்போய் வாங்கினால் விண்ணப்பிக்கும் நேரத்தில் பழசாகிவிடும். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் கேட்டால், அதுவும் பொதுவாக இரண்டு ஆண்டுதான் செல்லும்.

அத்தாட்சி விஷயத்தில் ஏற்கெனவே போய் வந்தவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்குள் ‘அப்போஸ்டில்’ என்ற ஒரே முத்திரை போதும். சேராத நாடு என்றால் அதன் தூதரகம்வரை போக வேண்டும். இந்தப் பட்டியல் வளர்ந்துகொண்டே இருக்கிறது. கனடாவில் 2024 ஜனவரியில்தான் இது நடைமுறைக்கு வந்தது. ஐந்து வருடத்துக்கு முன் அங்கே போன நண்பர் தூதரகத்துக்கு அலைந்ததைச் சொல்வார். அவருக்கு அது உண்மை, இன்று உங்களுக்கு அப்படி இருக்காது.

அப்புறம், உங்கள் பெயர். பாஸ்போர்ட்டையும் எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் வரிசையாக வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் முதலெழுத்து மட்டும், இன்னொன்றில் முழுப்பெயர், வேறொன்றில் ஓர் எழுத்து கூடுதல் என்று இருந்தால் அத்தாட்சிக்கு அனுப்பும் முன்பே சரிசெய்ய வேண்டும். மனைவி, மகள் பெயர்களுக்கும் இதே கதைதான்.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம். சம்பளத்தைவிட நான் முதலில் பார்ப்பது வாரத்துக்கு எத்தனை பாடவேளை என்பதை. அடுத்து வீடு பள்ளி தருகிறதா, மருத்துவக் காப்பீடு மூவருக்குமா உங்களுக்கு மட்டுமா, மகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டா, பாதியில் விலகினால் எதைத் திருப்பித் தர வேண்டும் என்று பாருங்கள். வாயால் சொன்ன வாக்குறுதி எதுவாக இருந்தாலும் எழுத்தில் கேளுங்கள். “சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், இங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்றால் எழுத்தில் தந்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த விசாவில் பாடம் நடத்தினால் சட்டத்தை மீறியவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். பாஸ்போர்ட்டைப் பள்ளியே வைத்துக்கொள்ளும் என்றால் அந்த வேலை வேண்டாம்.

மூவரும் ஒன்றாகப் போக வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனாலும் நீங்கள் முதலில் தனியாகப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து அவர்களை அழைப்பதே நல்லது என்பேன். பல நாடுகளில் வசிப்பிட அனுமதி வந்த பிறகுதான் வங்கிக் கணக்கு, கணக்கு வந்த பிறகுதான் சம்பளம், அதன் பிறகுதான் நிரந்தர வீடு. இந்தச் சங்கிலி முடியும்வரை தற்காலிக அறையில் குழந்தையோடு இருப்பது மூவருக்கும் பாரம். எப்படியானாலும் இரண்டு மூன்று மாதச் செலவுக்கான பணத்தோடு போங்கள். மனைவிக்கு அங்கே வேலை செய்ய அனுமதி உண்டா என்பதையும் இப்போதே விசாரியுங்கள். வேலைக்குப் போய்ப் பழகியவர் என்றால் அவருடைய நிம்மதியும் அதில்தான் இருக்கிறது.

ஒட்ட முடியுமா என்று கேட்டீர்கள். ஒரு புது ஊரில் ஆசிரியர் வேர்பிடிப்பது வகுப்பறையில்தான். நான் வெளிநாட்டில் பாடம் எடுத்த முதல் வாரத்தில், ஒரு பையன் நோட்டில் இரண்டரையை 2,5 என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் வட்டம் போட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பழைய பள்ளி நோட்டைப் பையிலிருந்து எடுத்துத் திறந்து என் முன்னால் வைத்தான். பக்கம் முழுக்கப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி, எல்லாவற்றுக்கும் சரி என்று குறி. ஐரோப்பாவின் பல நாடுகளில் தசமத்தை அப்படித்தான் எழுதுகிறார்கள். பிரான்ஸில் வகுக்கும் எண்ணை வலப்பக்கம் எழுதுவார்கள். ஜெர்மனியில் வகுத்தலுக்கு இரண்டு புள்ளிதான் (:) குறி. அன்றிலிருந்து புதிய வகுப்பில் முதல் நாள் நான் பாடம் நடத்துவதில்லை. ஒரே வகுத்தல் கணக்கைக் கொடுத்து, “நீங்கள் படித்த முறையில் செய்து காட்டுங்கள்” என்பேன். பலகையில் நான்கைந்து விதமாக வந்து நிற்கும். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். பேச்சு அங்கே தொடங்கிவிடும். இன்னொன்று, வருகைப் பட்டியலை முதல் நாளே வாங்கி, ஒவ்வொரு பெயரையும் சக ஆசிரியரைச் சொல்லச் சொல்லித் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் சில வாரம் எல்லாம் அழகாகத் தெரியும். பிறகு திடீரென்று எதைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். இதைப் பண்பாட்டு அதிர்ச்சி என்பார்கள். மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1950-களிலேயே இதன் கட்டங்களை விவரித்திருக்கிறார். உங்களுக்கு மட்டும் வருவது அல்ல. அந்தச் சமயத்தில் ராஜினாமா பற்றி முடிவெடுக்காதீர்கள், குறைந்தது அந்தக் கல்விப் பருவம் முடியட்டும்.

இந்தப் பத்து நாளில் பள்ளியிடம் ஒன்று கேளுங்கள்: குடும்பத்தோடு வந்து அங்கே பணிபுரியும் ஓர் ஆசிரியரிடம் அரை மணி நேரம் தனியாகப் பேச வேண்டும். வீடு எத்தனை நாளில் கிடைத்தது, முதல் சம்பளம் எப்போது வந்தது, குழந்தைக்கு நண்பர்கள் கிடைத்தார்களா என்று அவரிடம் கேளுங்கள். அப்படி ஒருவரைப் பேசவைக்கப் பள்ளி தயங்கினால், நானாக இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன்.